தோல் முளைத்த சுவரும் இருபத்தேழு ரக ரோஜாவும்

சித்திரை பிறந்து ஒன்பதாம் நாள், தரங்கம்பாடி ராஜவீதியின் கடைசியில் கடலைப் பார்த்து நிற்கும் மஞ்சள் மாளிகையின் தெற்குச் சுவரில், தரையிலிருந்து ஓர் ஆள் உயரத்துக்கு, வெள்ளைக்காரத் தோல் முளைத்தது. வெள்ளை என்று சொல்வது வழக்கம், அதனால் சொல்கிறேன். உண்மையில் அது இறகு பிடுங்கிய கோழியின் நிறம். அதில் பழுப்புப் புள்ளிகள் இருந்தன, பொன்னிறத்தில் பூனைமுடி இருந்தது, ஜன்னலுக்குக் கீழே நீல நரம்பு ஒன்று கோணலாக ஓடியது, தொட்டால் வெதுவெதுப்பாக இருந்தது, பதினோரு மணி வெயிலுக்கு வியர்த்தது. முதலில் கண்டவர் காவலாளி ஜெபமணி. விடிந்ததும் வேப்பங்குச்சியோடு சுவரில் சாய்ந்தவர், பின்னால் யாரோ நிற்பதாக நினைத்து, "சாரி சார்" என்று சொல்லிவிட்டு நகர்ந்திருக்கிறார். பல் துலக்கி முடித்து வாய் கொப்பளித்த பிறகுதான் திரும்பிப் பார்த்திருக்கிறார்.

ஏன் முளைத்தது என்று யாரும் கேட்கவில்லை. மாளிகையைக் கட்டிய டேனிஷ் வியாபாரி பெடர்சன் திரும்பி வந்துவிட்டான் என்று சிலர் சொன்னார்கள், போன வருஷம் பூசிய சுண்ணாம்பில் கோளாறு என்று சிலர் சொன்னார்கள், மதிய சாப்பாட்டு நேரத்துக்குள் இரண்டு பேச்சும் அடங்கி, சுவருக்குப் பந்தல் போடுவது யார் பொறுப்பு என்ற சண்டை தொடங்கிவிட்டது.

என் பெயர் தேவவரம். பதினோரு வருஷமாக இந்த ஊரில் சுற்றுலா வழிகாட்டி. காலை ஏழரை மணிக்கு நகர வாசலில் தொடங்கி, ராஜவீதி வழியாக நடத்திக் கூட்டிப்போய், கோட்டையைக் காட்டி, மஞ்சள் மாளிகையில் முடிப்பேன். ஆயிரத்து அறுநூற்று இருபதில் மிளகுக்கு ஆசைப்பட்டுக் கப்பலில் வந்தார்கள், தஞ்சாவூர் நாயக்கரிடம் இடம் வாங்கினார்கள், கோட்டை கட்டினார்கள், இருநூற்று இருபத்தைந்து வருஷம் கழித்து இங்கிலீஷ்காரனிடம் விற்றுவிட்டுப் போனார்கள் என்பது வரலாறு. சிவப்பில் வெள்ளைச் சிலுவை போட்ட கொடி, கிறிஸ்துமஸ் மரத்தைச் சுற்றிக் கைகோத்து ஆடுவது, கறுப்பு ரொட்டியின் மேல் காடியில் ஊறிய மீனை வைத்துத் தின்பது என்பது பண்பாடு. நான் டென்மார்க்கைப் பார்த்ததில்லை. பார்த்தவனைப் போலப் பேசுவேன். அதுதான் என் தொழில்.

தோலை ஊர் எப்படி ஏற்றுக்கொண்டது என்பதைச் சொன்னால் உங்களுக்கும் குமட்டும், இருந்தாலும் சொல்கிறேன். பேரூராட்சியில் கூட்டம் போட்டு, இது சுவரா ஆளா என்று இரண்டு மணி நேரம் பேசி, வீட்டுவரிக்குச் சுவர், சுகாதாரத்துக்கு ஆள் என்று முடிவு செய்தார்கள். டாக்டர் வந்து பார்த்து வேர்க்குரு என்றார், பவுடர் எழுதிக்கொடுத்தார். சாயங்காலம் கொசு கடித்து ஜன்னலைச் சுற்றித் தடித்துப்போனதால் ஆறு கட்டில் கொசுவலைகளை ஒன்றாகத் தைத்துத் தொங்கவிட்டார்கள். சலூன் கடை வேலாயுதம் வாரம் ஒருமுறை வந்து பூனைமுடியை மழித்தார், மழித்த முடியைப் பெண்கள் தள்ளுமுள்ளு செய்து வாங்கிப்போய்ப் பிள்ளைகளின் அரைஞாணில் முடிந்துகொண்டார்கள். மீன் ஏலக்கூடத்துக்கு வர வேண்டிய பனிக்கட்டியில் பாதியைத் திருப்பிவிட்டு மதிய நேரத்தில் சுவருக்கு ஒத்தடம் கொடுத்தார்கள், ஐஸ் இல்லாமல் ஏலக்கூடத்தில் வஞ்சிரம் கண் வெளுத்துக் கிடந்தது. வெயிலில் உரிந்த தோல் பொருக்குப் பொருக்காகக் காற்றில் பறந்து எதிர்த்த டீக்கடைக் கிளாஸ்களில் விழுந்தது. கடைக்காரர் அதைக் கரண்டியால் எடுத்துப்போட்டுவிட்டு டீயை நீட்டினார், நாங்களும் குடித்தோம்.

அதைவிடக் கேவலம் ஒன்று இருக்கிறது. அந்தச் சுவரில் தேய்த்தால் பிள்ளை சிவப்பாகும் என்று எவளோ ஒருத்தி சொல்ல, மாயவரத்திலிருந்தும் காரைக்காலிலிருந்தும் பஸ் பிடித்து வந்து, கைக்குழந்தைகளின் கன்னத்தை அந்த வியர்வையில் அழுத்தித் தேய்த்தார்கள். குழந்தைகள் வீறிட்டு அழுதன. கர்ப்பிணிகள் வளைகாப்பு முடிந்த கையோடு, வளையல் கலகலக்க, மாலையும் கழுத்துமாக வந்து வயிற்றைச் சாய்த்துக்கொண்டு நின்றார்கள். அந்த வரிசையில் எம்.எஸ்ஸி. படித்த என் சொந்தத் தங்கை நின்றாள். "ச்சீ, வா வீட்டுக்கு" என்றேன். "உனக்கென்ன, நீ ஆம்பள. கறுப்பாப் பொறந்தா அவங்க வீட்ல என்னைத்தான் சொல்லுவாங்க" என்றாள். வைகாசியில் நரம்புக்குப் பக்கத்தில் ஒரு கட்டி கிளம்பியது. அது பழுக்கிறதா என்று பார்க்க நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். உடைந்த அன்றைக்குச் சீழை ஒற்றியெடுக்கப் பஞ்சை நீட்டிக்கொண்டு முண்டியடித்தார்களே, அதை என் கண்ணால் பார்த்தேன். மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆனால் நான் யோக்கியனில்லை. அந்தச் சுவர் வந்த பிறகு நாற்பது பேர் வந்த இடத்தில் நானூறு பேர் வந்தார்கள், "தொட்டுப் பாருங்கள், மெதுவாக" என்று நானேதான் அவர்கள் கையைப் பிடித்து வைத்தேன்.

ஆனி பிறந்ததும் சுவரில் அரிப்பு வந்தது. சிவந்து, தடித்து, சொறிந்துகொள்ளக் கையில்லாமல் அது கிடந்து துடித்தது. சுற்றுலாவை நடத்தும் அலைக்கரைப் பாரம்பரியக் குழுவின் செயலாளர் சாருலதா மேடம் சென்னையிலிருந்து ஒரு தோல் நிபுணரைக் கூட்டிவந்தார். அவர் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு கடல் பக்கம் பார்த்து, உப்பும் கருவாட்டுக் காற்றும் ஒத்துக்கொள்ளவில்லை என்றார்.

மஞ்சள் மாளிகைக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு மணல்மேடு இருக்கிறது. அதில் பதினெட்டுப் பெண்கள் கருவாடு காயப்போடுகிறார்கள். நெத்திலி, வாளை, காரை, சுறாத் துண்டு. தலைமை தையல்நாயகி அக்கா. ஐம்பத்தைந்து வயது இருக்கும், குரல் மட்டும் சுங்கக் கப்பலுக்குக் கேட்கும். அவர்களை அங்கிருந்து எழுப்பி உப்பனாற்றுக்கு அப்பால் அனுப்புவது என்று குழு தீர்மானித்து, வருவாய்க் கோட்டாட்சியரான ஆர்.டி.ஓ.வுக்கு மனுவும் போட்டது. அந்தப் பக்கம் சேறு, காற்றும் கிடையாது. அங்கே மீனைப் போட்டால் காய்வதற்கு முன்னால் புழு வைத்துவிடும். பதினெட்டுக் குடும்பத்துக்கும் அடுப்பு அணைந்துவிடும். இது குழுவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

சும்மா எழுப்ப முடியாது, வரலாற்றுக் காரணம் வேண்டும். அந்தக் காரணத்தை உண்டாக்கி வைத்திருந்தவன் நான்.

ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் பன்னிரண்டு டேனிஷ்காரர்களைக் கூட்டிக்கொண்டு அந்த மணல்மேட்டுப் பக்கம் வந்தேன். காற்று திரும்பியது. கருவாட்டு வாடை குப்பென்று அடித்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அவர்களில் ஒருவர்கூட மூக்கைப் பொத்தவில்லை, முகம் சுளிக்கவில்லை. எனக்குத்தான் காது மடலெல்லாம் சுட்டது. என் ஊர் நாறுகிறதே என்று நானே முந்திக்கொண்டு வெட்கப்பட்டு, அவர்கள் ஏதும் கேட்பதற்குள், "இதுதான் பெடர்சனின் ரோஜாத் தோட்டம் இருந்த இடம்" என்று சொல்லிவிட்டேன். கோபன்ஹேகனிலிருந்து மண்ணோடு கப்பலில் வந்த செடிகள் என்றேன். இருபத்தேழு ரகம் என்றேன். அவர்கள் குறித்துக்கொண்டார்கள். அடுத்த வருஷம் அவனுக்கு ஒரு மனைவியைக் கொடுத்தேன், அதற்கடுத்த வருஷம் அவளைக் காய்ச்சலில் சாகடித்து, சவப்பெட்டியில் ரோஜாவை நிரப்பினேன். அந்தக் கட்டம் வந்ததும் சுற்றுலா வந்த பெண்கள் அழுவார்கள். குழு அதைப் படம் வரைந்து சின்னப் புத்தகமாகவே அச்சடித்துவிட்டது. வாளையும் சுறாவும் கிடக்கிற மணலில் ரோஜாப் பூத்திருக்கிற படம். அந்தப் பக்கத்தைப் புரட்டும்போதெல்லாம் எனக்கு வாய் புளிக்கும், ஆனாலும் கையெழுத்துப் போட்டு விற்றேன்.

இன்னொரு கேவலத்தையும் சொல்லிவிடுகிறேன். மாசத்துக்கு ஒருமுறை தையல்நாயகி அக்கா எனக்கு நெத்திலி பொட்டலம் கட்டிக் கொடுப்பார். வாங்கிப்போய், ஜன்னலைச் சாத்திக்கொண்டு குழம்பு வைத்துத் தின்பேன்.

சாருலதா மேடம் என்னை அழைத்து நாற்காலியில் உட்காரச் சொன்னார். "தேவவரம், ஆர்.டி.ஓ. ஸ்பாட்டுக்கே வர்றார். டென்மார்க்லேர்ந்து கிர்ஸ்டன்னு ஒரு அம்மா, நம்ம புரவலர், அவங்களும் வர்றாங்க. நீங்க வழக்கமா சொல்றதை அப்படியே சொல்லுங்க. அந்த ரோஜாத் தோட்டம், அந்த சவப்பெட்டி. அது போதும், அவர் கையெழுத்துப் போட்டுடுவார்."

"மேடம், அந்தத் தோட்டத்துக்கு ஆதாரம்னு..."

"நீங்கதான் ஆதாரம். பதினோரு வருஷ அனுபவம். அக்டோபர்ல கோபன்ஹேகன்ல கருத்தரங்கு, உங்க பேரைக் கொடுத்திருக்கேன். பாஸ்போர்ட் எடுத்துட்டீங்கல்ல?"

எடுத்திருந்தேன். பதினோரு வருஷமாக வாயால் கட்டிய ஊரைக் காலால் மிதிக்க எனக்கு எவ்வளவு ஆசை என்று மேடத்துக்குத் தெரிந்திருந்தது. அந்த ஆசையை இன்றைக்கும் மறுக்க மாட்டேன். தலையாட்டிவிட்டு வந்தேன்.

இரண்டு நாள் கழித்துத் தையல்நாயகி அக்கா என்னை மணலில் நிறுத்தினார். கையில் வாளையைப் புரட்டிக்கொண்டே பேசினார்.

"ஏந்தம்பி, இஞ்ச ரோசாத் தோட்டம் இருந்துச்சாமே?"

"அது பழைய காலம்க்கா. முந்நூறு வருஷம் இருக்கும்."

"நான் வாக்கப்பட்டு வந்து முப்பத்தெட்டு வருசமாச்சு. எம் மாமியா அதுக்கு முன்னாடிலேருந்து கெடக்கு. ஒரு முள்ளு குத்துனதில்லியே தம்பி."

"மண்ணு மூடியிருக்கும்."

"அந்த உப்பு மண்ணுல ரோசா வருமா?"

நான் செருப்பைக் கழற்றி மணலை உதறினேன். ஆர்.டி.ஓ. வந்தால் என்ன சொல்லப் போகிறாய் என்று நேராகவே கேட்டார். பார்ப்போம்க்கா என்றேன். அந்த அம்மாள் வாளையை மணலில் விரித்த ஓலையில் வைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்து, என்னைக் கால் முதல் தலை வரை பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். கெட்டுப்போன மீனைக் கூடையிலிருந்து ஒதுக்கும்போது பார்ப்பார்களே, அப்படிப் பார்த்தார்.

ஆர்.டி.ஓ. வந்த அன்றைக்குக் காலையிலேயே வெயில் கொளுத்தியது. ஊரே திரண்டு வந்தது. நகர வாசலில் தொடங்கினேன். ஆயிரத்து அறுநூற்று இருபது, மிளகு, நாயக்கர், கொடி, கறுப்பு ரொட்டி என்று எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே ராஜவீதி நெடுகக் கூட்டிப்போனேன். கிர்ஸ்டன் அம்மாள் எழுபது வயதுக்காரர், தொப்பி போட்டு, எதையும் குறித்துக்கொள்ளாமல் நடந்தார். மஞ்சள் மாளிகை வந்ததும் கொசுவலையை விலக்கினார்கள். சுவர் சிவந்து வீங்கி, பவுடர் திட்டுத்திட்டாக அப்பி, வியர்வை வழிய நின்றது. ஆர்.டி.ஓ. தொட்டார். அவருடைய டிரைவர் தொட்டார். சாருலதா மேடம் கன்னத்தையே வைத்தார். கிர்ஸ்டன் அம்மாள் மட்டும் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு, துணியில்லாத ஆளைத் தெருவில் பார்த்துவிட்டவரைப் போலக் கூசி, "இதை யாராவது மூடிவிடக் கூடாதா?" என்று என்னிடம் கேட்டார். அதை நான் யாருக்கும் மொழிபெயர்த்துச் சொல்லவில்லை.

சுவரைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. இன்றைக்கும் அது அங்கேதான் இருக்கிறது, இன்றைக்கும் சொறியும் வேர்க்குருவுமாக வியர்த்துக்கொண்டிருக்கிறது, இன்றைக்கும் எவளோ ஒருத்தி எந்தக் குழந்தையையோ அதில் தேய்த்துக்கொண்டிருப்பாள்.

அங்கிருந்து மணல்மேட்டுக்கு நடந்தோம். பதினெட்டுப் பெண்களும் மீனுக்கு நடுவில் எழுந்து நின்றார்கள். ஆர்.டி.ஓ. கோப்புக் கட்டைப் பிரித்தார். சாருலதா மேடம் என்னைப் பார்த்துக் கண்ணால் சொன்னார். நான் கையை நீட்டினேன், ஏழு வருஷமாக நீட்டுகிற அதே பக்கம், ஆங்கிலத்தில் தொடங்கினேன்: இங்கேதான், கனவான்களே சீமாட்டிகளே, பெடர்சனின் ரோஜாத் தோட்டம் இருந்தது, இருபத்தேழு ரகம்...

"தமிழ்ல சொல்லு தம்பி" என்றார் தையல்நாயகி அக்கா.

சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. சாருலதா மேடம், "அம்மா, கொஞ்சம் இருங்க, ஆர்.டி.ஓ. சாருக்கு இங்கிலீஷ் தெரியும்" என்றார்.

"அவருக்குத் தெரியும், எங்களுக்குத் தெரியாதுல்ல. எங்க எடத்தப் பத்திதானே பேசுறிய. நாங்களும் கேக்குறோம். சொல்லு தம்பி, தமிழ்ல."

ஆர்.டி.ஓ. தலையசைத்தார். "சொல்லுங்க சார். நியாயம்தானே."

பதினோரு வருஷத்தில் இந்தச் சுற்றுலாவை நான் தமிழில் சொன்னதே கிடையாது, யாரும் கேட்டதும் கிடையாது. வாயைத் திறந்தேன். 'இங்கே' என்றேன். 'இங்கே பெடர்சன்' என்றேன். எதிரே தையல்நாயகி அக்கா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நிற்கிறார், அவர் காலடியில் வாளை வெள்ளிக் கம்பியாகக் கிடக்கிறது, போன வாரம் அவர் கொடுத்த நெத்திலி என் வீட்டு டப்பாவில் இன்னும் பாதி இருக்கிறது. இருபத்தேழு ரகம் என்பதை நான் எந்த முகத்தோடு சொல்வேன்? ஆங்கிலத்தில் வழுக்கிக்கொண்டு போன ஒவ்வொரு வார்த்தையும் தொண்டையில் மீன்முள்ளாகக் குத்தி நின்றது. சுவரைப் பார்த்துக் குமட்டியதெல்லாம் ஒன்றுமில்லை. அன்றைக்கு என்னைப் பார்த்து எனக்கே குமட்டியது.

"இங்க ரோஜாத் தோட்டம் எதுவும் இல்லை" என்றேன். "பெடர்சன் பொண்டாட்டி செத்ததும் இல்லை. அவனுக்குப் பொண்டாட்டி இருந்தாளான்னே எனக்குத் தெரியாது. வெள்ளைக்காரங்க முன்னாடி கருவாட்டு நாத்தத்துக்கு வெக்கப்பட்டு நானா கட்டிவிட்டது சார். அவங்க மொகம்கூடச் சுளிக்கல. நான்தான்."

"தேவவரம், உங்களுக்கு வெயில் ஒத்துக்கல" என்றார் சாருலதா மேடம். "சார், இவர் காலையிலேர்ந்து சாப்பிடலை. புத்தகத்துல அச்சாகி இருக்கு, பாருங்க."

"அதுல இருக்கறதும் நான் சொன்னதுதான் சார்."

ஆர்.டி.ஓ. என்னைப் பார்த்தார், புத்தகத்தைப் பார்த்தார், மீனைப் பார்த்தார். "எழுத்துல கொடுப்பீங்களா?" என்றார். வேறு தாள் இல்லாததால் அந்தப் புத்தகத்தின் பின்னட்டையிலேயே நான்கு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர் அதைக் கோப்புக்குள் வைத்து நாடாவைக் கட்டி, "அப்ப இவங்கள எழுப்ப எனக்கு ஒரு காரணமும் இல்லை" என்று சொல்லிவிட்டு ஜீப்பைப் பார்த்து நடந்தார். சாருலதா மேடம் என் பக்கம் திரும்பவே இல்லை. கழுத்தில் தொங்கிய என் அடையாள அட்டையை மட்டும் கழற்றி வாங்கிக்கொண்டார். கோபன்ஹேகன் அத்தோடு போயிற்று. ஊர்க்காரர்கள், சுவருக்கு அரிப்பு தீராமல் போனதற்கு நானே காரணம் என்று என்னை வாய்க்கு வந்தபடி ஏசிக்கொண்டே கலைந்தார்கள், அதில் என் தங்கையின் குரலும் கேட்டது.

கிர்ஸ்டன் அம்மாள் என்ன நடந்தது என்று கேட்டார். ஆங்கிலத்தில் சொன்னேன், இந்தமுறை உள்ளதை. குனிந்து ஓலையிலிருந்து ஒரு நெத்திலியை எடுத்துத் தூசியை ஊதிவிட்டு வாயில் போட்டு மென்றார். தன் அப்பாவும் டென்மார்க்கின் மேற்குக் கடற்கரையில் மீனை உப்புப்போட்டு வீட்டு முன்னால் கட்டித் தொங்கவிடுவார் என்றும், இதைவிட மோசமாக நாறும் என்றும் சொன்னார். பிறகு இன்னொன்று எடுத்துக்கொண்டு, தொப்பியைச் சரி செய்தபடி ஜீப் இருந்த பக்கம் போனார்.

நான் அங்கேயே நின்றேன். எதற்கு நின்றேன் என்று மறைக்காமல் சொல்கிறேன்: தையல்நாயகி அக்கா ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்வார் என்று நின்றேன். வேலை போய், சீமைப் பயணம் போய், ஊர் வாயில் விழுந்து நிற்கிறவனுக்கு ஒரு வார்த்தை. அவர் மற்றப் பெண்களுக்கு ஏதோ வேலை சொன்னார், முந்தானையை உதறினார், மீன் கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"நவுரு" என்றார். "நெத்திலி மேல நிக்கிற."